தாவரவியலுக்குக் கீழே சோடியம்

வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர்கள் அமிலத்துக்குக்கூடப் பயப்படுவதில்லை; கட்டடம் கட்ட வருகிறவர்களுக்குத்தான் பயப்படுவோம். உங்கள் கல்லூரியிலும் மாடி எழுப்பியிருந்தால் நான் சொல்வது உங்களுக்கே புரியும்.

உளி இறங்காத சுவர்

புதுச்சேரியில் எங்கள் கல்லூரியின் அறிவியல் கட்டடம் பிரெஞ்சுக்காரர் காலத்துச் சுண்ணாம்புச் சுவர். நெடுங்காலம் தரைத்தளம் மட்டுந்தான், அதில் வேதியியல். இப்போது அதன் தலையில் தாவரவியலுக்கு ஒரு மாடி.

ஒரு திங்கட்கிழமை கதவைத் திறந்தால், மாடியில் கைகழுவும் தொட்டியின் கழிவுநீர்க் குழாய் என் ஆய்வகத்துக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. அதுவும் எங்கே? சோடியம் அலமாரிக்கு நேர் மேலே! சோடியத்தில் தண்ணீர் பட்டால் வெடிக்கும். அதனால்தான் மண்ணெண்ணெயில் மூழ்க வைத்திருப்போம். ஏன் உள்ளே இறக்கினீர்கள் என்று கேட்டேன். சேதராப்பட்டிலிருந்து வந்த பிளம்பர் சிரித்தார்.

“வெளிச்செவுத்துல உளி எறங்கலக்கா. தண்ணிதானே, அது என்னா பண்ணிடப்போவுது?”

பெயிண்டரின் நன்றி

சோடியம் பாட்டிலை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். ரேஷனில் மண்ணெண்ணெய் நின்றுபோன காலம். பிரஷ் கழுவ வழியில்லாமல் அலைந்த பெயிண்டர் கண்ணில் அது பட்டுவிட்டது. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மண்ணெண்ணெய் முழுக்க அவர் டப்பாவில். வெறும் சோடியம் கிடக்கும் பாட்டிலோடு குழாயடியில் நிற்கிறார், ஒரு கை திருகில்!

நான் போட்ட கூச்சலில் அப்படியே நின்றுவிட்டார். பாட்டிலைப் பிடுங்கி, இருப்பிலிருந்த பாரஃபின் எண்ணெயை ஊற்றி மூடிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவருக்கோ மனவருத்தம்.

“ஓசியில எடுத்துக்கினமே, கழுவியாவது குடுக்கலாம்னு பாத்தேன். அதுக்குப் போயி இப்படிக் கத்துறீங்களேக்கா!”

திறப்பு விழா

முதல்வரிடம் முறையிட்டேன். குழாயை விழா முடிந்து மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதற்குமேல் எனக்கு யார்மேலும் நம்பிக்கையில்லை. விழா அன்று பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஆய்வகத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாடியில் சிறப்பு விருந்தினர் தொட்டியின் புதுக் குழாயைத் திறந்துவைத்தார்; கைதட்டல் கேட்டது. அடுத்த கணம் என் தலைக்கு மேலே குழாய் மூட்டு கழன்று, காலி அலமாரியில் கொட்டோ கொட்டென்று தண்ணீர் கொட்டியது. அலமாரித் தட்டே சரிந்து விழுந்தது. பாட்டில் அங்கே இருந்து உடைந்திருந்தால்? மேலே அத்தனை பிள்ளைகள்! பாட்டிலை இறுகக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டேன்.

கீழே வந்த விருந்தினர் என்னைப் பார்த்தார், எண்ணெயில் ஊறும் துண்டுகளைப் பார்த்தார், அன்பாகக் கேட்டார்.

“ஏம்மா, வீட்டுல போட்ட ஊறுகாயா?”

இப்படியாக எங்கள் அறிவியல் கட்டடம் ஒரு மாடி உயர்ந்தது. அறிவியல் மட்டும் அன்றைக்கு என் மடியில் இருந்ததால் பிழைத்தது.