நோட்டில் ஏறிய பேர்

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. இறால் ஓடும் இடங்களுக்கு முறை உண்டு. அதைப் பாடு என்போம். ஊர் நோட்டில் பேர் இருப்பவர்களுக்கு வரிசைப்படி ஒரு நாள் வரும். பேர் இல்லாதவர்கள் கரையில் நின்று காற்று வாங்கலாம்.

அத்தான் இறந்ததும் அவர் பேரை அடித்துவிட்டார்கள். அக்காவின் பேரை எழுதவில்லை. பெண் பேர் எழுதுவது வழக்கமில்லையாம். மூன்று வருடம் அவள் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்தாள். இதற்கு மேல் முடியாது, காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஏதாவது கேன்டீனில் பாத்திரம் கழுவப் போகிறேன் என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். ஊர்க் கூட்டத்தில் அவளுக்காகப் பேச வேண்டியவன் நான். புயல் காற்றில் படகை விட்டவன்தான், ஆனால் நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் சினிமாக்காரர்கள் வந்து, அக்காவைப் பார்த்துவிட்டு அவளையே நடிக்க வைத்தார்கள். நடிப்பு என்ன நடிப்பு, வழக்கம்போல இறால் பிடித்தாள், எதிரே கேமரா இருந்தது. மறு வருடம் அந்தப் படம் ஒரு பெரிய விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. எப்போதும் ஐந்து படங்கள்தானாம். அந்த வருடம் பத்து என்று மாற்றிவிட்டார்கள். ஐந்தாகவே இருந்திருந்தால் நமக்கு இடமே கிடைத்திருக்காது என்று இயக்குநர் போனில் சொன்னார்.

ஊர்க் கூட்டத்தில் இதைக் கேட்டுத் தலைவருக்கு ஒரே சந்தோஷம்.

"அஞ்சைப் பத்தாக்கிட்டாங்களா? நல்ல காரியம். இடம் இல்லன்னு நல்ல படத்த வெளிய நிக்க வெக்கலாமா? பேரு ஏறிடுச்சில்ல, இனி முறை தானா வரும்மா."

பத்துப் படத்துக்கும் ஒன்றன் பின் ஒன்றாக விருது வரும் என்று நினைத்துவிட்டார். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நோட்டில் பேர் ஏறிய பிறகு முறை வராமல் போனதை யாரும் பார்த்ததில்லை. நான் திருத்த வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்துவிட்டு எழுந்தாள்.

"அப்ப என் பேரையும் நோட்டுல ஏத்துங்க மாமா."

"வழக்கம் இல்லியேம்மா."

"அங்கயும் அஞ்சுன்றதுதான் வழக்கம். மாத்தலியா? நல்ல காரியம்னு இப்பதான சொன்னீங்க?"

தலைவர் தலையைச் சொறிந்தார். பின்னாலிருந்து ஒருவர், "வலை யாரு கட்டுவா?" என்றார். என்ன ஆச்சரியமோ, என் நாக்கு அன்றைக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. "நான் கட்டறேன். வர்ற இறாலு அக்காளுது" என்றேன். வெகுநேரம் முணுமுணுத்தார்கள். கடைசியில் தலைவர் நோட்டை விரித்துக் வரிசையின் கடைசியில் அக்கா பேரை எழுதினார்.

ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவின் முறை வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் விருதை அறிவித்துவிடுவார்கள். ஒரு படம் வாங்கும், மற்ற ஒன்பதும் வெறுங்கையோடு திரும்பும். அது தெரிந்தால், ஏமாற்றி எழுத வைத்தோம் என்று பேரை அடித்துவிடுவார்களே! அக்காவிடம் சொன்னால், "அடிச்சா அடிக்கட்டும், கேன்டீன் எங்கயும் ஓடிடாது" என்றாள். ஆனால் அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

பயந்தபடியே ஆயிற்று. அக்காவின் முறைக்கு முந்தைய நாள், விருது வேறொரு படத்துக்குப் போய்விட்டது என்று டீக்கடை டி.வி.யில் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் தலைவர் எங்கள் வாசலில் நின்றார். முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது? ஒரே படத்துக்குத்தான் தருவாங்களாமே! உனுக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியும் மாமா" என்றேன்.

"பேரை எழுதிட்டு முறை தரலன்னா அது இன்னாடா லிஸ்டு? பத்து பேரைக் கூப்ட்டு உக்கார வெச்சி, ஒருத்தனுக்கு மட்டும் சோறு போடுவாங்களா? நம்ம நோட்டு அப்டி கெடையாது." அக்காவைப் பார்த்தார். "நாளைக்கு உன் பாடும்மா. வலை ரெடியா?"

அப்பாடா என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா அதற்குள் வலையை வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தாள்.