சுவருக்கு வெளியே கேட்ட வாய்பாடு

பர்மாவில், தாமுவே சந்தையில் புது மண்பானையில் தண்ணீர் ஊற்றியதும் எழுந்த வாசம், இடித்துவிட்ட என் பள்ளிக்கூடத்தின் பின்சுவருக்கு என்னை இழுத்துப்போனது. அங்கேதான், கணக்கு வகுப்பு தொடங்கியதும், தமிழ்ப் பிள்ளைகளான என்னையும் செல்வியையும் குடிதண்ணீர்ப் பானை கழுவ அனுப்புவார் எங்கள் பர்மிய ஆசிரியை, நாங்களோ நாரால் தேய்க்கிற தாளத்திலேயே உள்ளிருந்து வரும் வாய்பாட்டை முணுமுணுத்து மனப்பாடம் செய்தோம்.

ஒருநாள் ஆசிரியை, "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டார். உள்ளே பிள்ளைகள் விரல்விட்டு எண்ணினார்கள்.

"ஐம்பத்தாறு, ஸயாமா!" என்று ஆசிரியையைப் பார்த்துச் சன்னல் வழியாகக் கத்தினாள் செல்வி.

"வாயை மூடுடி," என்று அவள் லுங்கியை இழுத்தேன்.

ஆசிரியை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அட, கருப்பிக்குக் காது நல்லாத்தான் கேக்குது!"

மறுநாள் பானைகள் மைதானத்தின் கடைசி மூலையில் இருந்தன. அங்கே காக்கைச் சத்தம் மட்டுமே கேட்டது. செல்வி தாளமில்லாமல் தேய்த்தாள்.