மல்லிகாவுக்கு நான் போட்ட மெட்டு

அந்த மெட்டு என்னுடையது அல்ல. திருடினேன்! இதை உங்களிடம் சொல்ல முடிகிறது. என் மனைவி மல்லிகாவிடம் சொல்ல முடியவில்லை.

அது ஓர் அமெரிக்கப் பாடகியின் பாட்டு. சோல் இசை பாடும் கறுப்பினப் பெண்மணி. அவர் பெயரை உச்சரிக்கும் யோக்கியதை எனக்கில்லை. யாங்கோன் நகரின் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் ஒரு கப்பல் சமையற்காரன் தந்த கேசட்டில் அந்தக் குரலைக் கேட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது நான் அந்த ஊர்க் கல்யாண வீடுகளில் கிட்டார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு மெட்டுக்குப் பர்மியச் சொற்களைப் போட்டுப் பாடுவது இந்த ஊர் வழக்கம். 'காப்பி பாட்டு' என்று சொல்லியே பாடுவோம். அதில் வெட்கமே இல்லை. நானும் சொல்லியிருக்கலாமே! ஒரு கல்யாண வீட்டில் அதைப் பாடி முடித்ததும் மல்லிகா கண் கலங்கி, "இது யாரு போட்ட மெட்டு?" என்று கேட்டாள். "ஒனக்காக நான் போட்டது" என்று ஏன் சொன்னேன்? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. அந்தப் பாட்டுக்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டதாக அவள் இன்றும் ஊரெல்லாம் சொல்கிறாள்.

பிறகு கைப்பேசி வந்தது. அந்த அம்மாளின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். பருத்திக் காட்டில் வேலை செய்த குடும்பம். தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல். அந்தப் பாட்டை அவரே கட்டினார். இசைத்தட்டிலோ கம்பெனி முதலாளி தன் பெயரைப் போட்டுக்கொண்டான். அவர் பாடுவதை விட்டுவிட்டுப் பிறர் வீடுகளில் தரை துடைத்தார். தலை நரைத்த பிறகு யாரோ இளைஞர்கள் தேடிப் பிடித்து மறுபடி மேடையேற்றினார்கள். அந்த முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது... நான் மட்டும் யார்?

போன வாரம் காலையில், மல்லிகாவின் மொகிங்கா நூடுல்ஸ் கடையில் என் மகள் கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்தக் குரல்! மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த மல்லிகாவின் கை நின்றது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். பயந்தேனா, நிம்மதி அடைந்தேனா... இரண்டுமா?

"ஏங்க! இங்க ஓடி வாங்க! இந்த அமெரிக்காக் கெழவி ஒங்க பாட்டத் திருடிப் பாடுறா!"

"அம்மா, இது பழைய பாட்டும்மா..." என்று மகள் இழுத்தாள்.

"நீ பொறக்கறதுக்கு முந்தியே ஒங்கப்பா எனக்குன்னு போட்ட பாட்டுடி! நீங்களே சொல்லுங்க!"

மகள் என்னைப் பார்த்தாள். சொல்லிவிட வாய் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்! ஆனால் வந்த சொல் வேறு.

"வயசானவங்க... பாவம், பாடிட்டுப் போகட்டும் விடு."

மன்னித்தேனாம்! யார் யாரை?

"ஒங்களுக்குத்தான் எம்புட்டுப் பெரிய மனசு!" என்ற மல்லிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் பர்மிய மொழியில் அதையே சொன்னாள். அவர்கள் தலையாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மகள் கைப்பேசியை அணைத்துவிட்டுக் கிண்ணங்களைக் கழுவப் போனாள். என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை...