அமராவதி அறுத்த கோலம்

கோலம் போடத் தெரிந்தவளுக்குப் பலகை அறுப்பது என்ன பெரிய காரியம் என்று அமராவதி நினைத்தாள். அந்த நினைப்புக்கு ஒரு முழுப் பலகை பலியானது. சோனாங்குப்பத்தில் மார்கழி மாதம் அவள் வாசலைக் கடப்பவர்கள் சுற்றிக்கொண்டுதான் போவார்கள், கோலத்தை மிதிக்க மனசு வராது. அங்கன்வாடியில் வேலை, ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகளை உட்காரவைத்துச் சோறு ஊட்டிய கை. ஆனால் மரம் அறுக்கும் மிஷினை அதுவரை தொட்டதில்லை.

தொட வைத்தது அவள் புருஷன் இளவரசுவின் கால். விசைப்படகு ஓட்டிய மனுஷன். சர்க்கரை வியாதியில் புண் ஆறாமல் போய், சிதம்பரம் ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிறகு செயற்கைக் காலும் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு தினமும் நடக்க வேண்டும், மடக்கியே வைத்திருந்தால் முட்டி இறுகிவிடும், அப்புறம் நடக்கவே முடியாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குள் நடக்க இடமேது? கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் திரும்புவதே கஷ்டம். வாசலில் சிமெண்டுத் தரை நீளமாக இருக்கிறது, ஆனால் தெருவைப் பார்த்த வாசல். "தெருவே நின்னு வேடிக்கை பாக்கும். என்னால முடியாது" என்று இளவரசு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். புதுக் கால் கட்டிலுக்கடியில் கிடந்தது.

அமராவதி விடவில்லை. கெஞ்சினாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். மனுஷன் மசியவில்லை. தெரு பார்க்கக் கூடாது, அவ்வளவுதானே, வாசலை மறைத்துவிட்டால் போச்சு என்று கடைசியில் முடிவெடுத்தாள். கீற்றுத் தட்டி கட்டினால் காற்றும் வராது, வீடும் கொட்டகை மாதிரி ஆகிவிடும். அதைவிட, புருஷனை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது. வீட்டை அழகுபடுத்தியிருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் வேலை பார்க்கும் மகள் சினேகா போனில் ஒரு படம் அனுப்பினாள். பங்களா முகப்பில் பூவும் கொடியுமாக வெட்டிய பலகைத் தடுப்பு. கடலூர்க் கடையில் போய்க் கேட்டால் எல்லாம் மயிலாகவே இருந்தது. மயில் யாருக்கு வேணும், நம்ம சிக்குக் கோலத்தையே வெட்டினால் என்ன என்று தோன்றிவிட்டது. மழைக்குத் தாங்கும் பிளைவுட் பலகை இரண்டையும் வாடகை மிஷினையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள்.

பழைய மீன்பெட்டித் தெர்மாகோலைப் பரப்பி, அதன்மேல் பலகையைப் படுக்கப் போட்டாள். புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் கோலத்தைப் பென்சிலால் வரைந்தாள். கோடு போகிற வழியெல்லாம் விரல் தடிமனுக்கு அறுத்து எடுத்துவிட வேண்டும், அதுதான் திட்டம். மிஷின் முதலில் அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. போகப் போகச் சொன்ன பேச்சைக் கேட்டது. எதிர்வீட்டு ரத்தினம்மாள் காதைப் பொத்திக்கொண்டு வந்து, "இன்னாக்கா, வீட்டையே அறுத்துடுவியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கோடு ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்ததும் அமராவதிக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு கையாலும் பலகையைத் தூக்கினாள்.

சட்டம் மட்டும்தான் வந்தது. வட்டமும் இதழுமாக நடுவில் இருந்த அத்தனை துண்டுகளும் தெர்மாகோல்மேல் அப்படியே படுத்துக் கிடந்தன. தரையில் மாவால் போடும் கோலத்தில் எதுவும் கீழே விழப்போவதில்லை. பலகையில் கோட்டை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பதைப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நடுவில் ஒன்றுமில்லாத சட்டத்தைப் பிடித்தபடி அவள் நின்றாள்.

ஜன்னலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இளவரசு கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட ஜாஸ்தியாகச் சந்தோஷம் வந்தது.

"சிரிங்க மாமா, நல்லா சிரிங்க."

"வலையில நூலை உருவிட்டா மிச்சம் இன்னாடி இருக்கும்? கோட்ட உட்டுட்டு நடுவுல இருக்கிறத வெட்டி எடு."

இரண்டாவது பலகையில் அப்படியே செய்தாள். கோடு நின்றது, இடைவெளிகள் போயின. ரத்தினம்மாள் ஒரு பக்கம் பிடிக்க, வாசல் தூண்களில் திருகி நிறுத்தியாயிற்று. என்ன அழகு! தெருவில் இறங்கி நின்று பார்த்தாள். பார்த்ததும் பகீரென்றது. அவ்வளவு பெரிய ஓட்டைகள். வாசல் தெரிந்தது, நாற்காலி தெரிந்தது, செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு வாக்கரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்த புருஷனும் முழுசாகத் தெரிந்தார்.

"தெரியுதாடி?" என்றார் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமே தெரியல மாமா. சுவரு கணக்கா இருக்குது."

சொல்லிவிட்டு நேரே ரத்தினம்மாளிடம் போனாள். "அவரு நடக்கிறப்போ யாரும் இந்தப் பக்கம் திரும்பக் கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லிடு." தெரு சொன்னபடி கேட்டது. கேட்டது என்றால், கொஞ்சம் அளவுக்கு மீறியே கேட்டது. அந்த வாசலைத் தாண்டும்போது எல்லோருக்கும் எதிர்ப்பக்கத்துக் கரண்டு கம்பத்தில் அப்படி என்னதான் இருந்ததோ, அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார்கள். மீன்கூடையோடு போன ஒருத்தி, நிறுத்தியிருந்த பைக்கில் இடித்துக்கொண்டாள். இளவரசு தினமும் நடந்தார். என்றைக்குக் குட்டு வெளிப்பட்டுக் கால் மறுபடி கட்டிலுக்கடியில் போகுமோ என்று அமராவதி தினமும் பயந்தாள்.

அடுத்த தடவை சிதம்பரம் போனபோது டாக்டரம்மா முட்டியைப் பிடித்து நீட்டிப் பார்த்தார். நேராக நீண்டது. "நல்லாருக்கு. இனிமே பயமில்ல" என்றார். அமராவதிக்கு அப்பாடா என்றிருந்தது.

"எங்க நடந்து பழகுனீங்க? வீட்டுல அதுக்கு இடம் இருக்கா?"

"வாசல்லதான் மேடம். இவ மறைப்பு செஞ்சு வெச்சிருக்கா. அதுல எல்லாந்தான் தெரியும்."

அமராவதி திடுக்கிட்டுத் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"அவுங்க கழுத்தத் திருப்பிக்கினு போறது எனக்குத் தெரியுதே, நான் அவுங்களுக்குத் தெரிய மாட்டனா? மொத நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் மாமா நடந்தீங்க?"

"தெருவே எனக்காகக் கழுத்து சுளுக்கிக்கினு போவுது. நான் மட்டும் படுத்துக்கெடந்தா நல்லாவா இருக்கும்?"

இத்தனை நாள் பயத்தை ஒளித்து வைத்திருந்தவள் டாக்டரம்மா முன்னாலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழ அழ நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.