குரலை எங்கே பாவிக்கப் போகிறீர்கள்?

வாயைத் திறந்ததும் காற்றோடு போய்விடுகிற ஒரு சாமானை, எங்கே ஒலிக்கலாம், எதற்கு ஒலிக்கக்கூடாது என்று பேசி வாடகைக்கு விடுவதுதான் என் தொழில்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். எழுதிக் கொடுப்பதை வாசிக்கிற கம்பியூட்டர் குரல்களை நாங்கள் செய்கிறோம். செய்வது ருவன். சிங்களப் பெடியன், தமிழ் அரைகுறை, காது மட்டும் பாம்புக் காது. அந்தக் குரலை யார் எதற்குப் பாவிக்கலாம் என்று பேசி லைசன்ஸ் கொடுப்பது நான். "தமிழுக்கு இரண்டை அழுத்தவும்" என்று கேட்டு, அழுத்தி, திரும்பவும் அதையே கேட்டு ஃபோனை முறைத்துப் பார்த்தவர்தானே நீங்களும்? அந்த அம்மணியை உங்களிடம் அனுப்பிவைப்பது என்னைப் போன்ற ஆட்கள்தான். மன்னித்துக்கொண்டு வாசியுங்கள்.

யார் காதில் விழுகிறது?

கொட்டாஞ்சேனையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், இலவசமாகக் கிடைத்த ஒரு குரலைக் கடைவாசல் ஸ்பீக்கரில் விட்டிருந்தார். நாள் முழுக்க அது குக்கர் விலை சொன்னது. பிறகு யாரோ, அதற்கு லைசன்ஸ் இல்லாவிட்டால் வழக்கு வரும் என்று அவரைப் பயமுறுத்த, மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

நான் விளங்கப்படுத்தினேன். வீட்டில் உங்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்ட அந்தக் குரலைப் பாவிக்கலாம், அது சொந்தத் தேவை. கடையில் குக்கர் விற்கப் பாவித்தால் அது வியாபாரம், அதற்குத் தனி லைசன்ஸ். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டார்: "அப்ப நான் கேட்டா சும்மா, கஸ்டமர் கேட்டா காசு. உள்ள வர்றவங்கள காதைப் பொத்திக்கிட்டு வரச் சொல்லட்டுமா, மிஸ்?"

எழும்பாத ஐயா

கொட்டாஞ்சேனையிலேயே ஒரு தனியார் கிளினிக். நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் குரல் ஒன்றை எடுத்தார்கள். ஒரு கிழமை போகவில்லை, முறைப்பாடு வந்துவிட்டது. குரல் கூப்பிடுகிறதாம், ஆட்கள் எழும்புகிறார்கள் இல்லையாம். சத்தம் குறைவோ, உச்சரிப்புப் பிழையோ என்று பார்க்க நானே போய் நோயாளிபோல உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், இடுப்பில் வெள்ளைச் சாரமும் மடித்த குடையுமாக.

"திரு. முனியாண்டி அவர்கள் மூன்றாம் அறைக்கு வரவும்" என்றது குரல். தெளிவாகத்தான் சொன்னது. ஒருவரும் அசையவில்லை. திரும்பச் சொன்னது. கடைசியில் நர்ஸ் கதவால் தலையை நீட்டி "முனியாண்டீ!" என்று கத்த, பக்கத்தில் இருந்தவர் துள்ளி எழும்பினார். "ஐயா, முதல் கூப்பிட்டது கேக்கல்லையா?" என்று கேட்டேன். "கேட்டுச்சும்மா. 'திரு', 'அவர்கள்'னெல்லாம் சொல்லிச்சு. நம்மள யாரு அப்பிடிக் கூப்பிடுவா? எம் பேருல வேற யாரோ பெரிய மனுசன் வந்திருக்காருன்னு நெனச்சேன்."

லிஃப்டுக்குள் டீச்சர்

கிளினிக்கில் ஒலித்த அந்தக் குரலின் சொந்தக்காரி சுகிர்தா டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் கணக்கு டியூஷன் கொடுக்கிறவர். தன் குரலை எங்களுக்குத் தரும்போது அரசியல் கூடாது, சாராயம் கூடாது என்று நிபந்தனை போட்டார். லிஃப்டை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஒரு லிஃப்ட் கம்பனி லைசன்ஸ் எடுத்து, அந்தக் குரலைக் கொண்டுபோய் அவர் குடியிருக்கும் தொடர்மாடி லிஃப்டிலேயே பொருத்திவிட்டது.

டீச்சர் ஃபோன் எடுத்து "ஒருக்கா வாங்கோ" என்றபோது ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். போனேன். என்னை நேரே லிஃப்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய கணவரும் இரண்டு பிள்ளைகளும்கூட ஏறினார்கள். "கதவு மூடுகிறது, தயவுசெய்து விலகி நிற்கவும்" என்றது அவருடைய குரல். மூன்று பேரும் ஒழுங்காகப் பின்னுக்குப் போனார்கள். டீச்சர் என் காதுக்குள் சொன்னார்: "வீட்டில நான் எத்தினை தரம் சொன்னாலும் ஒருத்தரும் அசையமாட்டினம். இதுக்குள்ள ஒருக்காச் சொன்ன உடன விலகி நிக்கினம், பாத்தியளே?"

தெரியாமல் செய்யலாமா?

ஹெந்தளையிலிருந்து செல்வராஜ் என்பவர் வந்தது ஒரு மழை நாளில். அவர் மனைவி லெட்சுமி வீட்டிலேயே சமைத்து மதியச் சோற்றுப் பார்சல் கொடுக்கிறவர். காலையில் என்னென்ன கறி என்று வாடிக்கையாளருக்கெல்லாம் ஃபோனில் குரல் பதிவு அனுப்புவாராம். செல்வராஜ் ஒன்றைப் போட்டுக் காட்டினார். "இன்னைக்கு கருவாட்டுக் குழம்பு. லேட்டா சொன்னா கெடைக்காது, அப்புறம் என்னைய ஏசாதீங்க." அப்படியொரு குரல், கேட்டதும் பசித்தது.

லெட்சுமியின் தொண்டைக்குள் கட்டி. ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிடுவார்கள், அதோடு பேச்சு போய்விடும். அதற்கு முன்னால் அந்தக் குரலைச் செய்து வைக்க வேண்டும், ஆனால் பேச்சு போகப்போவது அவளுக்குத் தெரியக்கூடாது என்றார். பழைய பதிவுகள் எல்லாம் ஃபோனில் கிடக்கின்றனவாம். ஏலாது என்றேன். குரலுக்கு உரிய ஆள், 'இது என் குரல், இதைச் செய்ய நான் சம்மதிக்கிறேன்' என்று தன் வாயால் சொல்லாமல் நாங்கள் எந்தக் குரலையும் தொடுவதில்லை. மனுஷன் குடையை மறந்துவிட்டு இறங்கிப் போனார். அன்று முழுக்க என் மேலேயே எனக்குக் கோபம்.

ஆனால் அடுத்த கிழமை இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். லெட்சுமி கரகரத்த குரலில், கணவரைக் கண்ணால் காட்டிச் சொன்னார்: "டாக்டர் எங்கிட்டயும் சொல்லிட்டாரு, மிஸ். இவரு தாங்கமாட்டாருன்னு நான்தான் வாயத் தொறக்காம இருந்தேன்."

எந்த வகை?

சந்தேகம் அப்போதுதான் தொடங்கியது. எங்களிடம் லைசன்ஸ் இரண்டே வகை. லெட்சுமி வீட்டில் கதைக்கப் போவது சொந்தத் தேவை. சோற்றுப் பார்சல் விற்கப் போவது வியாபாரம். வியாபாரம் என்றால் குரலின் சொந்தக்காரருக்கு நாங்கள் பங்கு கொடுக்க வேண்டும். இங்கே வாங்குகிறவரும் அவர், சொந்தக்காரரும் அவர். நான் ஒப்பந்தத்தை மேலிருந்து கீழே வாசித்தேன், கீழிருந்து மேலேயும் வாசித்தேன். ருவன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான்: "அக்கே, அவங்கட குரல் அவங்ககிட்டயே வாடகைக்கு குடுக்கிறது எப்பிடி?"

கொடுக்கவில்லை. சும்மா செய்து கொடுத்தோம்.

ஏசத் தெரியாத குரல்

மெத்தைகளைச் சுவரில் சாத்தி வைத்த சின்ன அறைதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம். கரையோர ரயில் போகும்போதெல்லாம் நிறுத்த வேண்டும். தொண்டை நோக நோக, எழுதிக் கொடுத்த வசனங்களை லெட்சுமி தண்ணீர் குடித்துக் குடித்து வாசித்தார். எல்லாம் நல்ல வசனங்கள். நல்வரவு, நன்றி, மழை பெய்யும், பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறியபின் கந்தோருக்கு வந்தார், கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய சால்வை. ஃபோனில் எழுதினார், அவருடைய குரலிலேயே அது பேசியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் செல்வராஜ் சிரித்துக்கொண்டு நின்றார். லெட்சுமி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மளமளவென்று எழுதினார். செய்தி வாசிப்பதுபோல அமைதியாக ஃபோன் சொன்னது: "எவ்வளவு கோவமா எழுதினாலும் இது இப்பிடித்தான் பேசுது, மிஸ். இந்த மனுசனுக்கு நல்லாப் போச்சு."

மிளகாய்த்தூள்

ஃபோன் குரலில் லெட்சுமி திரும்பவும் அனுப்பத் தொடங்கிய கறிச் செய்தி யார் யாருடைய ஃபோனுக்கோ போய், ஒரு மசாலாத்தூள் கம்பனியின் காதிலும் விழுந்தது. ரேடியோ விளம்பரத்துக்கு இந்தக் குரல்தான் வேண்டும், நல்ல தொகை தருகிறோம் என்றார்கள். எங்களுக்கும் அது பெரிய வியாபாரம். ஹெந்தளைக்கு நானே நேரில் போனேன். செல்வராஜ் வேலைக்குப் போயிருந்தார். குசினி வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

லெட்சுமி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, ஃபோனை எடுத்தார். எழுதினார், அழித்தார், திரும்ப எழுதினார். பிறகு ஃபோனை என் பக்கம் திருப்பினார்.

"இவரு பஸ்ல போறப்ப ரேடியோவுல இந்தக் குரல் வரும். நான்தான் கூப்பிடுறேன்னு திரும்பிப் பாப்பாரு. பாத்தா மிளகாத்தூள். வேணாம் மிஸ்."

கையில் ஒரு சோற்றுப் பார்சலோடு பஸ் ஏறி, பெரிய வியாபாரம் ஒன்றைக் கைவிட்டு வந்த சந்தோஷத்தை எங்கள் கந்தோர் முதலாளியிடம் எந்தக் குரலில் சொல்வது என்று வெள்ளவத்தை வரைக்கும் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த விற்பனைக்காரி, இந்தத் தொழிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.