பெயரைக் கேட்கப் போனவர்

என் 2007 மார்ச் நாட்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: "சிதம்பரம்–சென்னை பேருந்து. கடலூரில் ஏறிய பெண். மேல்முறையீடு."

அகலப்பாதை வேலைக்காக ரயில் ஓடாமல் நின்றிருந்த காலம் அது. பக்கத்தில் உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தலையில் வைத்திருந்த பூ காற்றில் கசங்குமென்று ஜன்னலைச் சாத்தச் சொன்னார். அடிக்கடி கையால் பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கொலை வழக்கில் தண்டனை பெற்ற கணவரின் மேல்முறையீடு அன்று உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வருகிறதாம்.

"ஜெயில்ல கம்பிவலைக்கு அந்தாண்ட நிக்கறாரு சார், மூஞ்சியே சரியாத் தெரியல. கடலூரு கோர்ட்டுல கேஸு நடந்தப்ப போலீஸ் வேன்லேந்து வராண்டா வரைக்கும் கூடவே நடப்பேன். இன்னிக்கும் நடக்கலாம்ல?"

மேல்முறையீட்டில் பொதுவாகக் கைதியை அழைத்து வருவதில்லை, கீழ்க்கோர்ட்டுப் பதிவுகளை வைத்து வக்கீல்கள்தான் வாதாடுவார்கள் என்றேன்.

பேருந்து திண்டிவனத்தைத் தாண்டியது. பிறகு கேட்டார்: "அவுரு பேரையாவது கூப்புடுவாங்கல்ல?"

"கூப்பிடுவாங்கன்னுதான் நெனைக்கிறேம்மா."

"அப்ப அதக் கேட்டுட்டு வர்றேன். நான் அவுரு பேரச் சொல்றதில்ல சார். யாராச்சும் சொன்னாத்தான் உண்டு."

உயர் நீதிமன்றத்தில் வழக்கு எண்ணைச் சொல்லித்தான் அழைப்பார்கள் என்று பின்னர் ஒரு வக்கீல் சொன்னார். பெயரும் சொல்வதுண்டு என்றார் இன்னொருவர். அன்று அந்தப் பெயரை யாராவது சொன்னார்களா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.