சாச்சிகோவுக்கு ஓர் இடம்

யதுர்ஷா படம் எடுப்பவள். ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சோதிலிங்கம் யாழ்ப்பாணத்தார். அம்மா சாச்சிகோ ஜப்பானின் தெற்கே ஒக்கினாவாத் தீவுக்காரி. மகள் எடுத்த படமெல்லாம் அம்மாவின் தீவைப் பற்றித்தான். அப்பாவின் ஊர்ப் பக்கம் கமெரா ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அந்த மனிதரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை.

அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது அம்மாவின் குடும்பக் கல்லறையைப் பற்றிய படம். ஆமை ஓடுபோல முதுகு வளைந்த, வீடளவு கல்லறை. சித்திரையில் சொந்தபந்தமெல்லாம் அதன் முற்றத்தில் பாய் விரித்து, முன்னோருக்குப் படைத்துவிட்டுச் சிரித்துப் பேசிச் சாப்பிடுவார்கள். "என் தாயும் ஒருநாள் இங்கேதான் வந்து சேருவாள்" என்று கடைசிக் காட்சிக்கு யதுர்ஷாவே குரல் கொடுத்திருந்தாள். ஒஸ்லோ அரங்கில் சனம் கண்ணைத் துடைத்தது. பக்கத்தில் இருந்த சாச்சிகோ, "நல்லாயிருக்கு" என்றதோடு சரி.

மாசியில் சாச்சிகோ இறந்துபோனார். யதுர்ஷாவுக்கு அழுகை வரவில்லை. தகனத்தன்று பெட்டியின்மேல் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று மட்டும் பட்டது. படம் பிடிக்கிற புத்தி போகுமா? மற்றபடி உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. அஸ்தியை அந்தக் கல்லறையில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பி, ஒக்கினாவாவிலிருக்கும் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

மாமா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். கட்டிக்கொண்டு போன பெண்ணைப் பிறந்த வீட்டுக் கல்லறையில் வைக்கிற வழக்கமில்லையாம். புருஷனின் ஆட்கள் எங்கேயோ அங்கேதான் அவளுக்கும் இடமாம். தங்கைக்கு இது தெரியுமே என்றார்.

அந்தக் கல்லறையை வளைத்து வளைத்துப் படம் பிடித்தவளுக்குத் தெரியவில்லை. குசினிக்குள் போனாள். சோதிலிங்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு முதலே தெரியுமாம், அப்பா."

"ஓம். உன்ரை படம் பாத்துட்டு வந்த அண்டைக்கே சொன்னவ. பிள்ளை வடிவா எடுத்திருக்கு, ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ எண்டவ."

அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. "அப்ப உங்கடை ஆக்களின்ரை கல்லறை எங்கை?" என்று கேட்டாள்.

"எங்களுக்கு ஏது பிள்ளை கல்லறை? எரிச்சுக் கடலிலை கரைக்கிறதுதான். கொம்மாவும் ஒருக்காக் கேட்டவ, உங்கடை கடலிலை எனக்கும் இடம் இருக்கோ எண்டு."

"என்ன சொன்னனீங்கள்?"

"இருக்கு எண்டனான்."

யதுர்ஷா கதிரையில் இருந்துவிட்டாள். அம்மாவின் இடம் இதுதான் என்று ஊருக்கெல்லாம் காட்டியவள், அம்மாவிடம் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. அழுகை இப்போதுதான் வந்தது.